அளவு ஜாக்கெட் எப்படியோ, அப்படியே!

சித்தூரிலிருந்து வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கணீரென்ற குரல். கூடவே கொஞ்சம் பதற்றம்.

"மேடம், எங்க பையன் பெங்களூருல புதுசா வேலைக்குச் சேந்துகிறான். மேனேஜர் அவனாண்ட, 'யூ டிட் இட் டு எ டி'ன்னு சொன்னாராம். அவன் எனக்கு போன் பண்ணி, 'நைனா, இது பாராட்டா, திட்டா?'ன்னு கேக்கறான். எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் வாராவாரம் இங்கிலீஷப் பத்தி எழுதிக்கினு இருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க!"

பாராட்டுத்தான் ஐயா. சுத்தமான பாராட்டு. பையனுக்கு ஒரு ஸ்வீட் வாங்கிக் கொடுங்கள்.

'டு எ டி' (to a T) என்றால் அச்சு அசலாக, இம்மி பிசகாமல், கச்சிதமாக என்று அர்த்தம். சட்டை உடம்பில் சரியாக உட்கார்ந்தால் 'ஃபிட்ஸ் டு எ டி'. ஒரு வேலை ஒருவருக்குப் பொருத்தமாக அமைந்தால் 'சூட்ஸ் ஹிம் டு எ டி'. சொன்னதைச் சொன்னபடி செய்தால் 'ஃபாலோட் இட் டு எ டி'. நம் ஆட்கள் 'அட்சரம் பிசகாமல்' என்போம், 'அளவெடுத்துத் தைத்த மாதிரி' என்போம். அதேதான்.

அது ஏன் 'டி'? ஏ, பி, சி என்று அத்தனை எழுத்து இருக்க, 'டி'க்கு மட்டும் என்ன விசேஷம்?

அதுதான் வேடிக்கை. உறுதியாக யாருக்கும் தெரியாது! 'டிட்டில்' என்று ஒரு சொல் உண்டு. சின்ன ஆங்கில 'ஐ' எழுத்தின் தலையில் வைக்கிறோமே ஒரு புள்ளி, அதன் பெயர் அது. அந்தப் புள்ளி வரைக்கும் சரியாக இருக்கிறது என்று சொல்லப்போய், பிற்பாடு 'டி' என்று சுருங்கிவிட்டது என்பது ஒரு கட்சி. கோடு போடும் 'டி' ஸ்கேலிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். ஆக, துல்லியத்தைச் சொல்லும் சொல்லுக்கே துல்லியமான பூர்வீகம் கிடையாது.

இத்தோடு கடையை மூடிவிட்டு வேறு விஷயத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தக் குரல் பதிவு வந்தபோது நான் நகரியில், என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகள் லாவண்யாவுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பந்தல்காரன் மூங்கில் இறக்கிவிட்டான். அந்த வீட்டில், அதே நாளில், 'டு எ டி' என்றால் என்னவென்று எனக்கே ஒருவர் பாடம் நடத்தினார். அதுவும் ஒரு ஜாக்கெட்டை வைத்து!

ஆண் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அவசியம்.

நாங்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, டைலர் டேப்பை எடுத்து உடம்பை அளப்பதெல்லாம் அபூர்வம். ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுப்போம். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். டைலர் அதை மேஜையில் விரித்து, கழுத்து, தோள், கை என்று அப்படியே புதுத் துணியில் இறக்கிவிடுவார். எங்கள் ஊர் பீரோ எதைத் திறந்தாலும் சாயம் போன, அக்குள் வெளுத்த, ஆனால் தூக்கிப் போட மனசு வராத ஜாக்கெட் ஒன்று நிச்சயம் இருக்கும். அதுதான் அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அதற்குரிய ஜாக்கெட்டையும் அவர்களே தைத்துத் தருவது. ஆகவே மாப்பிள்ளை வீட்டிலிருந்து, 'பொண்ணோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்தனுப்புங்க' என்று கேட்பார்கள். கேட்டார்கள். மாப்பிள்ளை கிரணுக்குத் திருப்பதி. அவன் அம்மா சரோஜம்மா கேட்டதும், என் அண்ணி ரேவதி ஒரு ஜாக்கெட்டை மடித்துப் பையில் போட்டு அனுப்பிவிட்டார்.

தைத்த புது ஜாக்கெட் புடவையோடு வந்து சேர்ந்த நாளில்தான் நான் அங்கே இருந்தேன்.

என்ன புடவை! அரக்குச் சிவப்பில் பட்டு. ஜாக்கெட்டில் ஆரி ஒர்க், கொக்கி ஊசியால் போடுகிற ஜரிகைப் பூவேலை. திருப்பதிப் பக்கம் அதை மக்கம் ஒர்க் என்பார்கள். கழுத்தைச் சுற்றிக் கொடி, முழங்கை வரை வரும் கையின் ஓரத்தில் ஜரிகை அன்னங்கள். "மாப்ள வீட்டுக்காரங்க கை தாராளம்தான்" என்று அண்ணன் சொன்னான். அவன் பவர்லூம் வைத்திருப்பவன்; துணியைத் தொட்டாலே விலை சொல்லிவிடுவான். நல்லவேளை, சொல்லவில்லை.

லாவண்யா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கையைத்தான் நுழைத்திருந்தாள். இன்னொரு கையை நுழைக்க உதவி கேட்டு அம்மாவிடம் முதுகைத் திருப்பினாள். தோள் அப்படி உட்கார்ந்திருந்தது. கழுத்து அப்படி. வலது கையில் ஒரு சுருக்கம் இல்லை. முதுகில் ஒரு பிசிறு இல்லை.

சித்தூர்க்காரர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தாரே... நான் சத்தமாகச் சொன்னேன்: "ஃபிட்ஸ் டு எ டி!"

அப்போதுதான் அவள் இடது கையை நுழைத்தாள்.

கை உள்ளே போனது. போனதா? விழுந்தது! வலது கை கச்சென்று பிடித்திருக்க, இடது கை தொளதொளவென்று தொங்கியது. இன்னொரு கை கூடவே போகும். என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை உள்ளே வைத்து மூடிவிடலாம். வலது கையில் எதிரெதிராக இரண்டு அன்னம். இடது கையில் மூன்று!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தும்விட்டேன். "எந்த டைலர்டி இவன்? ஒரு கைக்கு உனக்கு, ஒரு கைக்கு உங்க மாமியாருக்கு அளவெடுத்துட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி மவளே... எந்த ஜாக்கெட்டுடி குடுத்தோம்?"

"நீதானம்மா எடுத்துக் குடுத்தே. அந்தக் காப்பிக் கலர்."

அண்ணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஷெட்டில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் கதை வந்தது, அழுகையோடு.

லாவண்யா புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே டீச்சர்கள் புடவைதான் கட்ட வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போகும் வழியில் நாய் குறுக்கே ஓட, ஸ்கூட்டியோடு விழுந்திருக்கிறாள். இடது கை எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் போக வேண்டிய இடத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புத்தூர்க் கட்டு என்றால் சென்னைக்கே தெரியும். கட்டுப் போட்டார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. இன்று இரண்டு கையாலும் குடம் தூக்குகிறாள்.

ஆனால் கட்டு இருந்த நாட்களில் பள்ளிக்கூடம் போக வேண்டுமே? முழங்கைக்கு மேலே வரை பருமனாகக் கட்டு. ஜாக்கெட் கை நுழையவில்லை. அண்ணி என்ன செய்தார்? ஒரு காப்பிக் கலர் ஜாக்கெட்டின் இடது கையை அக்குள் வரை பிரித்து, உள்ளே ஒட்டுத்துணி கொடுத்து அகலமாகத் தைத்துவிட்டார். லாவண்யா அதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டாள். அதுவோ உடம்புக்கு அப்படிப் பொருந்துகிற ஜாக்கெட். கட்டு அவிழ்ந்தது. ஒட்டுத்துணி அவிழவில்லை. அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் வந்து வாசலில் நின்றபோது, அவசரத்தில் அண்ணியின் கைக்கு முதலில் வந்ததும் அதுதான்.

"இதுக்கு ஏன் அண்ணி அழறீங்க? போன் பண்ணி, மாத்திக் குடுத்துட்டோம்னு சொன்னா போச்சு!" என்றேன்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. கை ஒடிஞ்ச விஷயமே அவங்களுக்குத் தெரியாது."

அட ராமா!

விழுந்த அதே வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்ததாம். "கட்டோட நிக்க வெச்சா இன்னா ஆவும்? 'கை ஒடிஞ்ச பொண்ணு'ன்னு பேராயிடும். அப்புறம் நல்லாத்தான் கீதுன்னு வீடு வீடா போய்ச் சொல்லிக்கினு இருக்க முடியுமா?" என்றார் அண்ணி. அதனால் பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டியிருந்தது. குடிபாலாவில் அண்ணியின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வயதானவர், ஆனால் கல் மாதிரி இருப்பவர். இன்றைக்கும் சைக்கிளில் வேலூர்ப் பக்கம் போய் வருவார். அவரை அண்ணி போனிலேயே சாகடித்துவிட்டார்! தீட்டு கழியட்டும் என்று அவர்களும் காத்திருந்தார்கள். அதற்குள் ஆடி மாசம் வந்து மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

பிறகு வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. லாவண்யாவுக்குக் கிரணை அதைவிடப் பிடித்துவிட்டது. தினமும் போனில் பேச்சு. கை முறிந்ததை மட்டும் சொல்லவில்லை. "எத்தனியோ தடவ சொல்ல வந்தேன் அத்தை. அம்மா ஆணை வாங்கிக்கினாங்க" என்றாள் லாவண்யா. அவளும் அழுதாள்.

எனக்கு அப்போதும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அண்ணி அந்த இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"இத்தப் பாரு. ஒரு அன்னத்த வேணும்னே கூட்டி வெச்சிருக்காங்க. வெறும் டைலர் தப்புன்னா கை அகலமா இருக்கும், அவ்ளோதான். அன்னம் எப்டி வரும்? எங்களுக்கு எல்லாம் தெரியும்மா, மறைச்சீங்க இல்ல, பாத்துக்கோன்னு குத்திக் காட்றாங்க. கல்யாணத்த நிறுத்தப் போறாங்க!"

இப்போது நானும் அந்தக் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அன்னம் தானாக வந்து உட்காராது. யாரோ வைக்கச் சொன்னால்தான் வரும். அண்ணன் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். "இன்னான்னு கேப்பேன்?" என்று அவனே அவனைக் கேட்டுக்கொண்டான்.

லாவண்யாதான் எழுந்தாள். "நானே போய் சரோஜம்மா அத்தம்மாவாண்ட சொல்லிட்றேன். இன்னா ஆனாலும் சரி. ஒரு பொய்ய வெச்சுக்கினு என்னால தாலி வாங்க முடியாது."

"பத்திரிகை குடுத்தப்புறம் பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போறதாவது!" என்று அண்ணி அலறினார். நியாயம். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. டைலர் கடைக்குப் போகலாமே? அதற்கு எந்த சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. சரோஜம்மாவுக்கு நான் போன் செய்தேன். ஜாக்கெட்டில் சின்னத் திருத்தம், நாங்கள் கடைக்கு வருகிறோம், நீங்களும் வர முடியுமா என்றேன். "ஒஸ்தானு வதினா, வரேன்" என்றார், என்னைத் தெலுங்கில் அண்ணி முறை வைத்து. குரலில் ஒரு தயக்கம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலை நானும் லாவண்யாவும் பஸ் ஏறினோம். ஜாக்கெட் அவள் மடியில். புத்தூரில் பஸ் நின்றபோது கட்டுப் போட்ட கையோடு ஒருவர் ஏறினார், கட்டுப் போட்ட காலோடு ஒருவர் இறங்கினார். யாரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் யாரும் எதையும் மறைத்ததாகத் தெரியவில்லை.

"அத்தை, வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா திரும்பி வந்துடலாம். டிக்கெட் எடுக்கக் கையில காசு இருக்கு."

வீரமாகச் சொல்லிவிட்டேன். நான் தூக்கி வளர்த்த பெண். ரேணிகுண்டா தாண்டும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இடது கையை.

திருப்பதியில் டைலர் மஸ்தான் பாயின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சரோஜம்மா இன்னும் வரவில்லை. நான் ஜாக்கெட்டை மேஜைமேல் போட்டு, இடது கையை விரித்துக் காட்டினேன். "இன்னா பாய் இது?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தில் கொஞ்சமும் கலவரம் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த காப்பிக் கலர் ஜாக்கெட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். தோளுக்குத் தோள், விளிம்புக்கு விளிம்பு. ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"அளவு ஜாக்கெட் எப்டியோ அப்டியே இருக்குதா, இல்லியா? சொல்லுங்கம்மா!"

இருந்தது. டு எ டி.

"ரெண்டு கையும் வேற வேறயா கீதேன்னு நீங்க கேக்கலியா பாய்?"

"கேக்காம? மொதல் நாளே கேட்டேன். 'ஏமீ கேக்காதே, வாய மூடிக்கினு எப்டி கீதோ அப்டியே தை'ன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

லாவண்யா என்னைப் பார்த்தாள். ஆக, தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். அண்ணி சொன்னது சரியாகப் போயிற்றே! வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சரோஜம்மா இறங்கினார். பருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். உள்ளே வந்தவர் மேஜைமேல் இருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். லாவண்யாவைப் பார்த்தார். "ஏமம்மா, பத்தலியா? இன்னும் அகலம் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த நான் கேட்கக்கூடாது என்பதுபோல அத்தனை மெதுவாக!

லாவண்யா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அத்தம்மா, எனுக்குக் கை ஒடிஞ்சுது. உங்களாண்ட மறைச்சுட்டோம். கட்டுக்காக அம்மா அந்த ஜாக்கெட்ட அகலமா தெச்சாங்க. தெரியாம அதையே அளவுக்குக் குடுத்தனுப்பிட்டாங்க. இப்ப எலும்பு கூடிடிச்சு. நல்லாத்தான் இருக்கேன். நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். சரோஜம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். வலது கையைத் தடவினார். இடது கையைத் தடவினார். மறுபடியும் வலது. மறுபடியும் இடது. இரண்டும் ஒரே மாதிரி, மெலிந்த, வளையல் போட்ட கைகள்.

"இவ்ளோதானா?" என்றார்.

பிறகு டைலரின் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா, சிரிக்கிறாரா? பாய் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டும்தான் என்று தலைப்பை எடுத்தபோது தெரிந்தது.

"இவ்ளோதானா தல்லீ, என் தாயீ! நான் இன்னா இன்னாவோ நெனச்சுக்கினு... பொண்ணு பாக்க வந்தப்பவும் முந்தானையால அந்தக் கைய மூடிக்கினே இருந்தே. நிச்சயத்துக்கும் மூடிக்கினே இருந்தே. அப்புறம் இந்த ஜாக்கெட் வந்துச்சா, பிரிச்சுப் பாத்தா ஒரு கை மட்டும் இம்மாம் அகலம். எனுக்கு பக்குன்னுச்சு. ஓகோ, இதான் சங்கதி, இந்தப் பொண்ணுக்கு ஒரு கை வீங்கின கை, பொறப்புலயே அப்டியோ என்னவோன்னு..."

கட்டுப் போட்டிருந்த தடம் தெரிந்துவிடுமோ என்று லாவண்யா பயந்து பயந்து மூடியதற்கு இப்படி ஒரு அர்த்தமா!

"அப்புறம் யோசிச்சேன். வாயத் தொறந்து சொல்ல முடியாமத்தானே ஜாக்கெட்ட குடுத்து அனுப்பிக்கிறாங்க? நானும் வாயத் தொறந்து கேக்கக்கூடாது. கேட்டா அந்தப் பொண்ணு மனசு இன்னா பாடு படும்? மணவறையில கை நுழையாம நிக்கக்கூடாது, அவ்ளோதான். அதான் பாயாண்ட கண்டிப்பா சொன்னேன், ஒரு நூலு கொறைக்காதன்னு."

"அந்த மூணாவது அன்னம்?" என்றேன்.

"அகலம் ஜாஸ்தி இல்ல வதினா? ரெண்டு அன்னம் மட்டும் வெச்சா நடுவுல வெறிச்சுன்னு தெரியும். அம்மாம் பெரிய கைன்னு யாராச்சும் பாப்பாங்க. பாக்கறவங்க கண்ணு அன்னத்து மேல போவட்டும், கை மேல போவாதுன்னு இன்னொண்ணு வெக்கச் சொன்னேன்."

"கிரணுக்கு...?" என்றாள் லாவண்யா.

"அவனாண்ட சொல்லல. சொன்னா அவன் உன் மூஞ்சியப் பாக்காம கையவே பாத்துக்கினு இருப்பான். மெதுவா அவனுக்கே தெரியட்டும்னு உட்டுட்டேன்."

லாவண்யா அப்படியே அவர் மடியில் தலையை வைத்துவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது, ஒளிக்காமல் துடைத்துக்கொண்டேன். அப்பாடா! நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த கல் ஒன்று உருண்டு அந்தச் சந்தைத் தாண்டிப் போன மாதிரி இருந்தது. குத்திக் காட்டுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க நாங்கள் திட்டித் தீர்த்தோமே, அந்த அன்னம் இந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற வந்த அன்னம்!

சரோஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "கை ஒடியறதெல்லாம் ஒரு விஷயமா? புத்தூர் பக்கத்துலயே இருந்துக்கினு! எங்க வீட்டுக்காரரு அங்க போயி கட்டிக்கினு வராத எலும்பே இல்ல." திடீரென்று நிமிர்ந்தார். "இரு... அப்போ கட்டுப் போட்டுக்கினு இருந்தப்போதான் நாங்க வர்றதா இருந்துதா?"

"ஆமாம் அத்தம்மா."

"அப்ப அந்த குடிபாலா பெரியப்பா?"

லாவண்யா தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லாக்கிறாரு அத்தம்மா. கல்யாணத்துக்கு வர்றாரு."

அந்தக் கடை அதற்கு முன்னால் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. பாய் சிரித்ததில் வாயில் கவ்வியிருந்த ஊசி கீழே விழுந்து, அதைத் தேட வேண்டியதாயிற்று.

பிறகு வேலை ஆரம்பித்தது. "அகலமா இருந்தா பிடிச்சுடலாம்மா. கொறைச்சலா இருந்தாத்தான் வம்பு" என்றார் பாய். இந்தத் தடவை டேப்பை எடுத்து உடம்பில் வைத்தே அளந்தார். ஜாக்கெட்டுகள் மேல் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது. இடது கையைப் பிரித்து, அக்குளிலிருந்து விளிம்பு வரை சாக்பீஸால் கோடு இழுத்தார். மூன்றாவது அன்னம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மிச்சத்த வெட்டிட்டா நீட்டா உக்காரும்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க பாய்!" லாவண்யா அவர் கையைப் பிடித்துவிட்டாள். "உள்ளயே மடிச்சு வெச்சுத் தெச்சிடுங்க."

"ஜரிகை குத்தும்மா."

"குத்தும்டி" என்றார் சரோஜம்மாவும்.

"பரவால்ல. இருக்கட்டும்."

பாய் ஒரு மெல்லிய துணியை அடியில் கொடுத்து, அன்னத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டார். போட்டுப் பார்த்தாள். வலது கையும் இடது கையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. நான் 'ஃபிட்ஸ் டு எ டி' என்று சொல்லவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதாதா?

திரும்பி வரும் பஸ்ஸில் லாவண்யா கிரணுக்குப் போன் செய்து கை முறிந்ததைச் சொன்னாள். மறுமுனையில், 'ஸ்கூட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?' என்று கேட்டிருக்கிறான். அடிக்கப் போவதாக இவள் மிரட்டினாள். எனக்கு நிம்மதி. புத்தூர் வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

வீட்டில் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேராகப் பூஜை அறைக்குப் போய்ச் சூடம் ஏற்றினார். அப்புறம் குடிபாலாவுக்குப் போன் போட்டு, "பெரியப்பா, உடம்பு நல்லா கீதா?" என்று விசாரித்தார். பாவம், அந்த மனிதருக்கு எதற்கு இத்தனை கரிசனம் என்றே புரிந்திருக்காது.

சித்தூர் வாசகரே, உங்களை மறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார் மஸ்தான் பாய். அது 'டு எ டி'தான். உங்கள் மகனும் அப்படித்தான் செய்திருக்கிறான், பாராட்டு வாங்கியிருக்கிறான், சந்தோஷம். ஆனால் அளவு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பெண் எப்படியோ, அப்படியே' என்று எடுத்துக்கொண்டாரே சரோஜம்மா, அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள்? தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் குரல் பதிவு அனுப்புகிறேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. குடிபாலா பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் சரோஜம்மாவே அவர் இலைக்கு வந்து, "நல்லா துன்னுங்க பெரியப்பா. அங்கிருந்து இம்மாம் தூரம் திரும்பி வந்துகிறீங்க" என்று இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். அவர், "ஆமாம்மா, குடிபாலாவுல பஸ்ஸே இல்ல" என்றார். அண்ணி அப்பளம் எடுக்கப் போகிற சாக்கில் சமையல்கட்டுக்கு ஓடிவிட்டார்.

தாலி கட்டும் நேரம். மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. லாவண்யா இடது கையை உடம்போடு ஒரு தடவை சேர்த்து அழுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். குத்துகிறதா என்று கண்ணாலேயே கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு!